ஓய்வு பெற்ற சுரங்க ரயிலின் குரல்

நியூயார்க் நகரில் பெரும்பாலான ஆண்டுகளில் டிசம்பர் மாதத்துச் சில நாட்களில் ஒரு விந்தையைக் காணலாம். துருப்பிடிக்காத எஃகாலான நவீன வண்டிகள் ஓடும் அதே சுரங்கப் பாதையில், 1930-ஆம் ஆண்டுக்கும் 1940-ஆம் ஆண்டுக்கும் இடையே கட்டப்பட்ட பழைய பெட்டிகளைக் கோத்த வண்டியொன்று நிலையத்துள் நுழையும். பிரம்பு பின்னிய இருக்கைகளும், கூரையில் சுழலும் விசிறிகளும், மூடியில்லாத மின்விளக்குகளும் அதில் இன்றும் இருக்கின்றன. அதில் ஏறுவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வண்டி புறப்பட்டதும் பிரயாணிகளுள் சிலர் கண்களை மூடிக்கொள்வர். உறங்குகிறார்கள் என எண்ணிவிடலாகாது. அவர்கள் செவிகொடுத்துக் கேட்கிறார்கள்.

இத்தகையோரை ரயில் அன்பர்கள் எனலாம். பழைய சுரங்க ரயில் பெட்டிகள் எவ்வாறு முனகின, எந்த இடத்தில் விளக்குகள் அணைந்து எரிந்தன, கதவு மூடும்போது காற்று எவ்வாறு சீறியது என்பனவற்றை நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்தும் நுணுக்கமாக நினைவுகூர்பவர்கள் இவர்கள். பொறியியல் வல்லுநர் பலர் இவர்களைப் பார்த்துப் புன்னகை செய்வதோடு நிறுத்திக்கொள்கின்றனர். பழம்பொருளின் மீது கொண்ட பாசம் என்றும், பொழுதுபோக்கு என்றும் ஒதுக்குகின்றனர். இக்கருத்து தவறானது என்பதே இக்கட்டுரையின் நோக்கு. இவ்வன்பர்கள் 'குணாதிசயம்' என்று அன்போடு சொல்வதில் பெரும்பகுதி பௌதிக நிகழ்ச்சிகளைக் கூர்ந்து கவனித்ததன் பயனாகும். அக்கவனிப்பு வரைபடங்களில் இல்லை. பராமரிப்புக் கையேடுகளிலும் பெரும்பாலும் இல்லை. யந்திரம் மறைந்தபின் அது மனிதரின் நினைவில் மட்டுமே தங்கி, அம்மனிதரோடு மறைகிறது.

முதலில் அந்த முனகலையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் நகராட்சி தானே அமைத்த சுரங்க ரயில் பகுதி 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கென வாங்கிய பெட்டிகள் ஆர்-1, ஆர்-4, ஆர்-6, ஆர்-7, ஆர்-9 எனக் கொள்முதல் ஒப்பந்தங்களின் எண்களால் குறிக்கப்பெற்றன. மொத்தம் 1,703 பெட்டிகள். அன்பர்கள் இவையனைத்தையும் சேர்த்து 'ஆர்நைன்' என்று ஒரே செல்லப் பெயரால் அழைப்பர். இப்பெட்டிகள் புறப்படுகையில் கீழிருந்து ஒரு தாழ்ந்த முழக்கம் எழும். வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறும். 59-ஆம் தெரு நிலையத்திலிருந்து 125-ஆம் தெரு நிலையம் வரை விரைவு வண்டிகள் இடையில் நில்லாமல் 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தில் இம்முழக்கம் தன் உச்சத்தை எட்டி அங்கேயே நின்று பாடும் என்பர், கேட்டவர்.

இது எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மோட்டார்கள் இருந்தன. இரண்டும் ஒரு முனையிலுள்ள சக்கரத் தொகுதியிலேயே அமைந்திருந்தன. மோட்டாரின் தண்டிலுள்ள சிறிய பற்சக்கரம், வண்டியின் அச்சிலுள்ள பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றிற்று. இப்பற்சக்கரங்களின் பற்கள் அச்சுக்கு இணையாக, நேராக வெட்டப்பட்டவை. நேர்ப்பற்கள் ஒன்றையொன்று சந்திக்கும்போது பல்லின் அகலம் முழுவதும் ஒரே கணத்தில் மோதுகிறது. எனவே ஒவ்வொரு பல்லும் ஒரு சிறு தட்டலைத் தருகிறது. தட்டல்கள் வினாடிக்கு நூற்றுக்கணக்கில் நிகழும்போது அவை தனித்தனியாகக் கேளாமல் ஒரே சுரமாக இணைந்துவிடுகின்றன. பற்களைச் சாய்வாக வெட்டினால் ஒரு பல் முழுவதும் விலகுமுன் அடுத்தது மெல்லப் பொருந்தத் தொடங்கும். ஓசை பெரிதும் அடங்கும். 1948 முதல் நியூயார்க்கில் ஓடத் தொடங்கிய ஆர்-10 வகைப் பெட்டிகளில் நான்கு மோட்டார்கள் வைத்து, சாய்பற்களையும் வளைந்துகொடுக்கும் இணைப்பையும் பயன்படுத்தினர். அன்றோடு புதிய பெட்டிகளில் அம்முனகல் நின்றது.

ஆசிரியர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கணக்கை எளிதாக்கும் பொருட்டு, சக்கரத்தின் சுற்றளவு இரண்டரை மீட்டர் எனவும், அச்சிலுள்ள பற்சக்கரத்தில் 60 பற்கள் எனவும் கொள்வோம். வண்டி வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சென்றால் சக்கரம் வினாடிக்கு 4 முறை சுழலும். பற்களின் மோதல் 240 ஆகும். வேகம் 20 மீட்டரானால் மோதல் 480. அதிர்வெண் இரட்டித்தால் சுரம் ஒரு ஸ்தாயி உயர்கிறது என்பதை இசை பயின்ற மாணவன் அறிவான். ஆகவே, காது பழகிய ஒருவர் வேகமானியைப் பாராமலே, 'ஆரம்பத்தில் கேட்டதற்கு ஒரு ஸ்தாயி மேலே வந்துவிட்டது; வேகம் இரண்டு மடங்காகிவிட்டது' என்று சொல்லிவிட முடியும். பழைய ரயில் அன்பர் ஒருவர், 'வண்டி எங்கள் தெருவைத் தாண்டும்போது இந்தச் சுரத்தில் இருக்கும்' என்று கூறுவாராயின், அவர் தம்மையறியாமல் அவ்விடத்தில் வண்டியின் வேகத்தைப் பதிவு செய்து தருகிறார். இதனை வெறும் பாசம் என்று தள்ளுதல் எவ்வாறு பொருந்தும்?

மற்றொன்றும் அவர்கள் சொல்வதுண்டு: எல்லாப் பெட்டிகளும் ஒரே குரலில் பாடவில்லை என்று. இதுவும் எதிர்பார்க்கத் தக்கதே. பற்கள் தேயும் அளவு பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். அன்றியும் அக்காலத்து மோட்டார்கள் அச்சின் மீதே ஒரு புறம் தொங்கவிடப்பட்டிருந்தன. மோட்டாரின் பாரத்தில் ஏறத்தாழப் பாதி, வில்லின் இடையீடு இன்றி நேராக அச்சில் இறங்கிற்று. தண்டவாளத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் ஏற்படும் அதிர்ச்சி பற்சக்கரங்களைத் தாக்கியது. முப்பதாண்டு, நாற்பதாண்டு இவ்வாறு அடிபட்ட யந்திரங்கள் தத்தம் தழும்புகளோடு பேசியதில் வியப்பில்லை. பழுது பார்க்கும் பணியாளர்கள் இதை நன்கறிவர். நம் நாட்டு ரயில்வேயில் வண்டி நின்றவுடன் நீண்ட காம்புள்ள சுத்தியலோடு இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே சென்ற ஊழியரை மூத்த வாசகர்கள் கண்டிருப்பர். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். வெடித்தது மழுங்கிய ஓசை தரும். அந்தக் காதும் நியூயார்க் அன்பரின் காதும் உறவுக் காதுகளே.

இனி விளக்குகளின் கதை. சுரங்க ரயிலுக்கு மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் ஏறத்தாழ 600 வோல்ட் நேர்மின்சாரம் பாயும். 120 வோல்ட் அளவுக்குச் செய்யப்பட்ட விளக்குகளை அதனுடன் நேராக இணைக்க இயலாது. எனவே ஐந்து விளக்குகளை ஒரே சரமாகத் தொடுத்தனர். பள்ளியில் தொடர் இணைப்பைக் கற்பிக்கையில் இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது; ஒரு விளக்கு கெட்டால் மற்ற நான்கும் அணையும். அவ்விளக்குகளின் மரையும் வழக்கத்துக்கு மாறாக இடப்புறமாகத் திருகும்படி செய்யப்பட்டிருந்தது. வீட்டுக்கு எடுத்துச் சென்றால் பொருந்தாது. ஆகவே திருடுவதில் பயனில்லை. ஒழுக்க உபதேசம் செய்யாமல் ஒழுக்கத்தைக் காத்த இந்த யோசனையைச் செய்தவர் மனித இயல்பை உள்ளபடி அறிந்தவராக இருக்கவேண்டும்!

பாதைகள் பிரியும் இடங்களில் மூன்றாவது தண்டவாளம் தொடர்ந்து செல்ல முடியாது, இடைவெளி விடவேண்டும். ஒவ்வொரு பெட்டியும் தன் மின்சாரத்தைத் தானே, பக்கவாட்டில் நீட்டிய இரும்புக் கட்டைகளால் எடுத்துக்கொண்டது. இடைவெளி மேல் ஒரு பெட்டியின் கட்டைகள் யாவும் வந்த கணத்தில் அப்பெட்டியின் விளக்குகள் அணைந்தன. மின்கலத்தால் எரியும் சில சிறு விளக்குகள் மட்டும் மங்கலாக ஒளிர்ந்தன. அது கடந்ததும் அடுத்த பெட்டி இருண்டது. இவ்வாறு இருள், முதற்பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஓர் அலைபோல் நகர்ந்து சென்றது. சிறுவயதில் முதற்பெட்டியின் முன்கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து நின்ற அன்பர்கள் இவ்வலையை மறப்பதேயில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நினைவு என்பது கருவி. கருவிக்குப் பிழை உண்டு. 'வளைவுகளில் எல்லாம் விளக்கு அணையும்' என்று ஒருவர் உறுதியாகச் சொல்லலாம். உண்மையில் அணைவதற்குக் காரணம் வளைவு அன்று, பாதை பிரிவு. பாதை பிரியும் இடங்களில் வளைவும் சேர்ந்து வருவதால், உடலில் உணர்ந்த சாய்வும் கண்ணில் கண்ட இருளும் நினைவில் காரணகாரியமாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. இத்தகைய பிழைக்காக அந்நினைவையே எறிந்துவிடுதல் அறிவுடைமையாகாது. பாதையின் வரைபடத்தோடு ஒப்பிட்டால் பிழை தானே விலகும். எஞ்சுவது பயனுள்ள செய்தி. வானிலை நிலையத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவர் தம் வெப்பமானி அரைப்பாகை கூடுதலாகக் காட்டுகிறது என்று அறிந்தால் அதை உடைத்துப் போடுவதில்லை. திருத்தம் குறித்துக்கொண்டு தொடர்ந்து அளக்கிறார். அதே பொறுமையை முதியவரின் பேச்சுக்கும் நாம் காட்டலாம்.

காற்றின் ஓசைகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பிரேக்கும் கதவும் அழுத்தப்பட்ட காற்றால் இயங்கின. வண்டி நிலையத்தில் நிற்கையில் தரைக்குக் கீழே திடீரெனக் காற்றழுத்து யந்திரம் தொம் தொம் என இயங்கத் தொடங்கும். வேண்டிய அழுத்தம் சேர்ந்ததும் சட்டென நிற்கும். வண்டி முழுவதும் ஒரே வேளையில் அவை முழங்கத் தொடங்குவதைக் கேட்ட சிறுவர்கள் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது என்றே நம்பினர். பல பெட்டிகள் கோத்த வண்டியில் ஒரு பெட்டியில் அழுத்தம் குறைந்தாலும் எல்லாப் பெட்டிகளின் யந்திரங்களும் சேர்ந்து இயங்குமாறு கம்பி இணைப்பு அமைப்பது வழக்கம். ஒரே யந்திரம் மிகையாக உழைத்துத் தேயாதிருக்க அவ்வாறு செய்தனர். சிறுவரின் கற்பனை காரணத்திலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை.

நிற்க. இவ்வளவு பரிவோடு எழுதும்போது மறைக்கக்கூடாத மறுபக்கமும் உண்டு. அப்பெட்டிகளில் கதவுகளை இயக்கும் கார்டு உள்ளே அமர்ந்திருக்கவில்லை. இரண்டு பெட்டிகளுக்கு இடைப்பட்ட வெளியில், இரண்டின் படிகளிலும் காலூன்றி ஏறி நின்று, கூரைக்கு மேலே தலை தெரியும்படி வண்டியின் முன்னும் பின்னும் பார்த்துக் கதவுகளை இயக்கினார். பாதை சுரங்கத்தை விட்டு மேலே வரும் இடங்களில் நியூயார்க்கின் பனிக்காலத்திலும் அவர் பணி அதுவே. அன்பர்களின் நினைவில் இது வீரக்காட்சியாக நிற்கிறது. பணியாளருக்கு அது வேலை, ஆபத்தான வேலை. அவ்வாறே, நாம் இசை என்று சொல்லும் முனகல், நாள் முழுவதும் அதனுள் உழைத்தவருக்கு இரைச்சல். குளிர்சாதனமில்லாத பெட்டியில் ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் நசுங்கி நின்ற பிரயாணியும், அது ஒழிந்த நாளில் கண்ணீர் வடித்திருக்கமாட்டார். ஆர்நைன் பெட்டிகள் 1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் பிரயாணிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்டன. விலக்கியது முற்றிலும் சரியே. பழையதை ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. விலக்கும்போது எதைக் காப்பது, எதை இழப்பது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு உலக நகரங்கள் தந்த விடைகள் பலவாறாக உள்ளன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரச் சுரங்க ரயில் 1896-ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. முதலில் பெட்டிகளை ஓயாது ஓடும் இரும்பு வடம் இழுத்தது. 1935-இல் மின்சாரம் வந்தபோது பழைய பெட்டிகளையே மாற்றியமைத்து ஓட்டினர். அவை 1977 வரை உழைத்தன. இரண்டு வட்டப் பாதைகளேயன்றிப் பணிமனைக்குச் செல்லக் கிளைப்பாதை கிடையாது. எனவே பழுது பார்க்கவேண்டிய பெட்டியைக் கோவன் என்னுமிடத்தில் கிரேன் கொண்டு குழி வழியாக மேலே தூக்கினர்! அப்பெட்டிகளின் பக்கவாட்டு ஆட்டத்துக்கு அவ்வூர் மக்கள் தம் பேச்சு மொழியில் 'ஷூகிள்' என்று தனிச்சொல்லையே வழங்கினர்.

அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் 1913-இல் ஓடத் தொடங்கிய, பெல்ஜிய நாட்டில் செய்த மர உடற்பெட்டிகள் 2013-ஆம் ஆண்டு ஜனவரி வரை பிரயாணிகளை ஏற்றின. அவற்றின் கதவுகளைப் பிரயாணிகளே கையால் திறந்தனர். லண்டனின் 1938-ஆம் ஆண்டு வகைப் பெட்டிகளின் கதை இன்னும் விசித்திரமானது. அதற்கு முன்னெல்லாம் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த மின்சாதனங்களை முழுவதும் தரைக்குக் கீழ் கொண்டு சென்று, அங்கே பிரயாணிகளுக்கு இடம் செய்த பெட்டிகள் அவை. லண்டனில் 1988-இல் ஓய்வு பெற்ற பின்னர், வைட் தீவிலுள்ள தாழ்ந்த சுரங்கமொன்றின் வழியே செல்லத்தக்க உயரம் அவற்றுக்கே இருந்தமையால், அங்கு சென்று 2021-ஆம் ஆண்டு ஜனவரி வரை உழைத்தன. வயது எண்பதுக்கு மேல்.

நியூயார்க்கில் இருவகை முடிவுகளையும் காண்கிறோம். செந்நிறம் பூசியதால் 'செம்பறவை' என்று பெயர் பெற்ற பிற்காலப் பெட்டிகள் 2003-ஆம் ஆண்டு நவம்பரில் தம் கடைசிப் பயணத்தைச் செய்தன. அவ்வகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, 2001 முதலே, அட்லாண்டிக் கடலில் டெலவேர் முதலிய மாநிலங்களின் கரைக்கு அப்பால் அமிழ்த்தப்பட்டு, மீன்கள் தங்கும் செயற்கைப் பாறைகளாயின. கழிவு என்று வீணாக்காமல் கடலுயிர்களுக்கு வீடாக்கிய அச்செயலைக் குறை கூறுவதற்கில்லை. இன்னொரு புறம், 1936-இல் கட்டி 1946-இல் மூடிய கோர்ட் தெரு நிலையத்தில் 1976-ஆம் ஆண்டு ஜூலையில் போக்குவரத்துக் கண்காட்சி ஒன்று திறக்கப்பட்டது. சிறிது காலத்துக்கென ஏற்பட்ட அது நிலைத்த அருங்காட்சியகமாகிவிட்டது. அங்கே பெட்டிகள் உண்மையான தண்டவாளத்தின் மீது நிற்கின்றன; அவற்றுட் சில வெளியே வந்து ஓடவும் செய்கின்றன.

அவ்வாறு ஓடுவது வேடிக்கைக்காக மட்டும் அன்று என்பதை வற்புறுத்த விரும்புகிறேன். நின்றுகொண்டிருக்கும் பெட்டி தன் வடிவத்தை மட்டுமே காட்டும். பற்சக்கரம் எப்படிப் பொருந்துகிறது என்பதைத் திறந்து பார்க்கலாம். எப்படி ஒலிக்கிறது என்பதை ஓடினாலன்றி அறிய முடியாது. மோட்டார்கள் முதலில் தொடராக இணைந்து ஆளுக்குப் பாதி மின்னழுத்தம் பெறுவதும், பின்னர்ப் பக்க இணைப்புக்கு மாறி முழு மின்னழுத்தமும் பெறுவதும் வரைபடத்தில் இரண்டு கோடுகள். பிரயாணியின் முழங்காலிலோ அது ஒரு சிறு தள்ளல். இன்றியமையாத இன்னொன்று, ஓடும் வண்டிக்குப் பழுது பார்ப்பவர் வேண்டும். பழுது பார்ப்பவர் இருக்கும்வரை, தலைமுறைகள் கடந்து வந்த கைப்பழக்கமும் செவிப்பழக்கமும் உயிரோடிருக்கும்.

செலவாகாதா எனக் கேட்பர். ஆகும். உதிரி உறுப்புகள் இன்று கிடைப்பதில்லை. பணிமனையில் இடம் நெருக்கடி. அன்றாடப் பிரயாணிகளின் தேவை முன்னிற்கிறது. அதோடு, வானொலி அலைகளால் வண்டிகளைக் கட்டுப்படுத்தும் புதிய சைகை முறை பாதைக்குப் பாதை பரவி வருவதால், அதற்குரிய கருவிகள் இல்லாத பழைய வண்டியை இடையில் புகுத்துவது கடினமாகிறது. இவையெல்லாம் நியாயமான தடைகள். ஆயினும் இத்தடைகளே, ஓடக்கூடிய காலத்திலேயே செய்யவேண்டியதைச் செய்துவிடவேண்டும் என்பதற்கும் காரணமாகின்றன. வண்டி எங்கே, என்ன வேகத்தில், எத்தனை பெட்டிகளோடு ஓடிற்று என்ற குறிப்போடு கூடிய நல்ல ஒலிப்பதிவுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். குறிப்பில்லாத ஒலிப்பதிவோ வெறும் சத்தம். அன்பர்கள் சேர்த்துவைத்துள்ள பழைய பதிவுகள் பலவற்றின் குறையும் இதுவே. சுரம் இருக்கிறது, வேகம் இல்லை. ஓட்டுநரையோ கார்டையோ அருகில் நிறுத்திக்கொண்டு ஒரே ஒரு முறை கேட்டு எழுதியிருந்தால் போதுமாயிருந்தது.

புதிய வண்டிகளுக்குக் குரலில்லை என்றும் எண்ணவேண்டாம். 2000-ஆம் ஆண்டை ஒட்டி நியூயார்க்கில் வந்த சில பெட்டிகள் புறப்படும்போது, 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' என்னும் இசைநாடகப் பாட்டொன்றின் முதல் மூன்று சுரங்களை ஒத்த ஒலியை எழுப்புகின்றன. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி மாறுமின்சாரமாக ஆக்கும் மின்னணுச் சாதனத்தின் ஒலி அது. நம் ஊர்களில் ஓடும் மெட்ரோ வண்டிகளும் புறப்படுகையில் தத்தம் சுரங்களில் படிப்படியாக ஏறுவதை மாணவர்கள் கேட்கலாம். 1932-இல் பல்லோடு பல் மோதி எழுந்த சுரத்துக்கும், இன்று மின்னோட்டம் வெட்டுப்பட்டு எழும் சுரத்துக்கும் காரணம் வேறு. கேட்டுக் காரணம் தேடும் முறை ஒன்றே.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் முதல் சுரங்க ரயில் 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் கல்கத்தாவில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் தூரம் ஓடிற்று. அதன் பெட்டிகள் சென்னைப் பெரம்பூர் ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம், அகலப்பாதை. அந்நாளில் சுரங்கத்துள் வண்டி ஓட்டிய அனுபவம் இந்நாட்டில் எவருக்கும் இல்லை. ஓட்டுநரும் பிட்டரும் வேலை செய்தே கற்றனர். குளிர்சாதனமில்லாத பெட்டிகள் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், திறப்பு விழா நடந்து 37 ஆண்டுகள் நிறைந்த அன்றே, விடைபெற்றன. பிரயாணிகளுக்கு அதனால் நன்மையே. அவ்வண்டிகளைப் பற்றி ஆண்டுகளும் எண்களும் அரசு ஏடுகளில் பத்திரமாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை எந்த நிலையத்தை விட்டுப் புறப்படுகையில் தயங்கின, மழைக்காலத்தில் பிரேக்கின் ஓசை எவ்வாறு மாறிற்று, எந்த ஒலியைக் கேட்டதும் அனுபவமுள்ள பிட்டர் அடுத்த நிலையத்தில் இறங்கிக் குனிந்து பார்த்தார் என்பவை ஏட்டில் ஏறியிருக்குமா?

1984-இல் இருபத்தைந்து வயதில் பணியில் சேர்ந்தவர் இன்று அறுபதைக் கடந்து, ஓய்வூதியம் பெற்று வீட்டிலிருக்கிறார். அவருடைய பேரன் ஏதோ ஒரு பள்ளியில் நம் வாசகர் ஒருவரிடம் பௌதிகம் படித்துக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் 'பழைய வண்டி எப்படி இருந்தது?' என்று பொதுவாகக் கேட்டால், 'நன்றாக இருந்தது' என்ற விடையே வரும். புறப்படும்போது தாழ்ந்த ஓசை முதலில் கேட்டதா, தள்ளல் முதலில் வந்ததா என்று கேட்கவேண்டும். விளக்கு அணைந்ததுண்டா, எங்கே, எல்லாப் பெட்டியிலும் ஒரே கணத்திலா என்று கேட்கவேண்டும். பெரியவர் சற்று யோசிப்பார். பிறகு நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தட்டிக் காட்டத் தொடங்குவார். அப்போது மாணவன் கையில் கடிகாரம் இருக்கவேண்டும். அத்தட்டல்களை வினாடிக்கு எத்தனை என்று அவன் எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும்.